நிப்பிள் வைத்த யூ.ஜே. கிராஸ் கிட்: பழைய காருக்கு இதுவே மேல்

பின்சக்கர இயக்கமுள்ள பழைய கார்களில், கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட்டில் யூனிவர்சல் ஜாயின்ட் (யூ.ஜே.) என்ற வளையும் இணைப்பு இருக்கும். அதன் நடுவே உள்ள கூட்டல்குறி வடிவத் துண்டுதான் கிராஸ். அதை மாற்றும் கிட் இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்று கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் அடிக்கும் சிறு வாய்) வைத்தது, இன்னொன்று கிரீஸ் அடைத்தே சீல் செய்தது. சீல் செய்த கிராஸில் கிரீஸ் போகும் உள்துளை கிடையாது என்பதால் அதற்கு உறுதி கூடுதல்தான். ஆனால் பழைய காரில் கிராஸ் முறிவது அபூர்வம், காய்ந்துதான் கெடுகிறது. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் ஈரம் புகுந்து ஊசி பேரிங்குகள் (ஊசி போன்ற மெல்லிய உருளைகள் கொண்டவை) துருவேறும். புதுக் கிரீஸ் அடித்தால் அந்த ஈரம் வெளியே தள்ளப்படும். சீல் செய்ததில் அதற்கு வழியே இல்லை.

வாங்கும் முன், கோளாறு ஜாயின்ட்டில்தானா என்று பாருங்கள். கிளட்ச் விட்டதும் அடியில் 'டக்' என்றால் உடனே ஜாயின்ட்டின் மேல் பழி விழும். டிஃபரன்ஷியல் பல் தேய்மானமும், ஆக்ஸில் ஷாஃப்ட்டின் ஸ்ப்ளைன் (நீளவாட்டுப் பற்கள்) தேய்மானமும், தளர்ந்த கியர்பாக்ஸ் மவுண்டிங்கும் அதே சத்தத்தைத் தரும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஜாயின்ட்டின் இரு பக்கத்தையும் எதிரெதிராகத் திருகுங்கள். கிராஸில் கண்ணுக்குத் தெரியும் அசைவு இருந்தால் மாற்ற வேண்டியதுதான். கிராஸின் காலை மூடும் கப்பைச் சுற்றிச் செந்துருத் தூள் இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஷாஃப்ட்டும், டிஃபரன்ஷியல் பக்க இணைப்புத் தட்டான பினியன் ஃபிளான்ஜும் ஒன்றாகவே அதிகம் ஆடினால் இந்தக் கிட் எதையும் தீர்க்காது.

கிட்டில் 1 கிராஸ், ஊசிகளோடு 4 கப், 4 சர்க்கிளிப் (கப்பைப் பிடிக்கும் பூட்டு வளையம்), 1 நிப்பிள் இருக்கும். கப்பின் விட்டத்தையும் எதிரெதிர்க் கப்களின் வெளிமுக இடைவெளியையும் காலிப்பரால் அளந்த பிறகே வாங்குங்கள். குறை என்றால் சர்க்கிளிப்தான்: பெரும்பாலும் நான்கும் ஒரே தடிமன். கிராஸ் நடுவே உட்கார வேறு தடிமன்களும் தேவைப்படலாம், தனியாக வாங்கி வையுங்கள்.

கழற்றும்போது ஃபிளான்ஜ்களிலும் ஸ்லைடிங் யோக்கிலும் (ஸ்ப்ளைனில் நகரும் கவை வடிவப் பிடி) குறி போடுங்கள். ஸ்ப்ளைனில் ஒரு பல் மாறினாலே இரு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் நிற்காது, வண்டி வேகமெடுத்ததும் அதிர்வு வரும். பூட்டும்போது கிராஸின் கால் கப்புக்குள் நுழைந்தபடி இருக்கட்டும். பிறகு பெஞ்ச் வைஸில் மெல்ல அழுத்துங்கள். ஓர் ஊசி சாய்ந்து அடியில் விழுந்தாலும் கப் முழுதாக இறங்காது, சர்க்கிளிப் காடியும் தெரியாது. அங்கே சுத்தியலை எடுத்தால் கப் விரிசல் விடும். வெளியே எடுத்து ஊசிகளை எண்ணிக் கிரீஸில் ஒட்டவைத்து மறுபடி தொடங்குங்கள். சர்க்கிளிப் போட்ட பின் ஜாயின்ட் இறுகியிருந்தால் யோக் காதுகளில் செம்புச் சுத்தியலால் லேசாகத் தட்டினால் இளகும்.

நிப்பிள், கிரீஸ் கன் எட்டும் பக்கம் நிற்க வேண்டும். லித்தியம் ஈ.பி. 2 கிரீஸை நான்கு சீல்களிலும் எட்டிப்பார்க்கும் வரை அடியுங்கள்.

புதுக் கப் விரல் அழுத்தத்திலேயே யோக்கில் நுழைந்தால் அந்தத் துளை தேய்ந்துவிட்டது. எவ்வளவு நல்ல கிட் போட்டாலும் அங்கே நிற்காது, யோக்கை மாற்றுங்கள்.