‘ஒரே டெஸ்ட், நூறு சதவீதம் நிம்மதி’ என்று சொன்னால் நம்பாதீர்கள்

கர்ப்பிணிகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இது. தாயின் ரத்தத்தை வைத்துக் கருவின் குரோமோசோம் குறைகளுக்கான வாய்ப்பைக் கணிக்கும் என்.ஐ.பி.டி. பரிசோதனையை எங்களிடம் விற்ற மையத்தில் கவுன்சலர் சொன்ன வார்த்தை: "இது ஒண்ணு எடுத்துட்டா போதும் மேடம், குழந்தைக்கு எந்தக் குறையும் இல்லைன்னு நூறு சதவீதம் தெரிஞ்சுடும்." ரிப்போர்ட்டில் ‘லோ ரிஸ்க்’ என்று பச்சை எழுத்தில் வந்தது. வாழ்த்து வேறு சொன்னார்கள்.

குழந்தை பிறந்து முதல் முறை பால் குடித்தபோது மூக்கு வழியாகப் பால் வந்தது. நர்ஸ் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். மேல் அண்ணத்தின் பின்பகுதியில் பிளவு. உதடு ஒழுங்காக இருந்ததால் வெளியே ஒன்றும் தெரியவில்லை.

மையத்தில் கேட்டால் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்க்கச் சொல்கிறார்கள். ‘இது நோயை உறுதிசெய்யும் பரிசோதனை அல்ல’ என்று பொடி எழுத்தில் இருக்கிறது. பணம் வாங்கும்போது இதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அண்ணப்பிளவை அறுவை சிகிச்சையில் சரிசெய்துவிடலாம், அதில் எனக்குப் பயமில்லை. பொய் சொல்லி விற்றார்களே, அதுதான் ஆத்திரம். தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் நஞ்சுக்கொடியின் டி.என்.ஏ. துணுக்குகளை வைத்து, முக்கியமாக 21, 18, 13-ஆம் குரோமோசோம்கள் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டா என்று கணிப்பதுதான் இந்த டெஸ்ட். பெரும்பாலான இதயக் குறைகள், காது கேளாமை, ஆட்டிசம் எதுவும் இதில் தெரியாது. உடல் அமைப்பைப் பார்ப்பது 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் அனாமலி ஸ்கேன். உதடு பிளக்காத அண்ணப்பிளவு அதிலும் பெரும்பாலும் தப்பிவிடும். எங்கள் ஸ்கேன் டாக்டர், பாவம், "எல்லாமே இதுல தெரியாதும்மா" என்று முதலிலேயே சொன்னார். நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேர் ஏதாவது பெரிய பிறவிக் குறையோடுதான் பிறக்கிறார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. விளம்பரத்தில் போடும் 99 சதவீதம், டவுன் சிண்ட்ரோம் (21-ஆம் குரோமோசோம் கூடுதலாக இருப்பது) உள்ள கருக்களில் எத்தனையைப் பிடிக்கும் என்ற கணக்கு. ‘ஹை ரிஸ்க்’ வந்த நூறு பேரில் 99 பேருக்குக் குறை உண்டு என்று அர்த்தமில்லை. வயது குறைந்த தாய்மாருக்குத் தவறாக ‘ஹை ரிஸ்க்’ வருவது கணிசம். அப்படி வந்தால் அவசரப்பட்டு எந்த முடிவும் எடுக்காதீர்கள். 15 வாரத்துக்கு மேல் பனிக்குட நீரை எடுத்துச் சோதித்தால் உறுதியாகத் தெரியும். அதில் கருச்சிதைவு ஆபத்து கொஞ்சம் உண்டு, அதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

எழுத்தில் புகார் கொடுத்தேன். பதிலில் மன்னிப்பு இல்லை, அடுத்த பிரசவத்துக்குத் தள்ளுபடி தருகிறார்களாம்.