சிராய் விழாத மெஷினோடு மூன்று வருடம்

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்குச் சின்னக் காபித் தோட்டம் இருக்கிறது. நிழலுக்குச் சில்வர் ஓக், அதன்மேல் மிளகுக்கொடி. காற்று மழையில் வருடத்துக்கு நாலைந்து மரமாவது சாயும். கவாத்து வேலை தனி. இதற்காக மூன்று வருடத்துக்கு முன் சேலத்தில் ஒரு செயின் சா மெஷின் வாங்கினேன். 58 சிசி எஞ்சின், 22 இஞ்ச் பார் (செயின் சுற்றி ஓடும் நீட்டுத் தகடு). அந்த நீளத்தைப் பார்த்து மயங்கித்தான் வாங்கினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம்.

முதல் வருடம் குறையில்லை. இரண்டாம் மழைக்காலத்தில் பாதையை மறித்து விழுந்த ஒரு மரத்தில்தான் வண்டவாளம் தெரிந்தது. உடம்பு எடையைப் போட்டு அழுத்தினால்தான் பார் இறங்குகிறது. வெட்டுவாயில் புகை. கீழே கொட்டுவது கேழ்வரகு மாவு மாதிரிப் பொடி. எஞ்சின் இழுவை போய்விட்டது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். கடையில் கேட்டால், "பெரிய மெஷினா எடுத்துக்கங்க சார்" என்றார்கள். வேறென்ன சொல்வார்கள்?

பிளக் மாற்றினேன், ஏர் ஃபில்டரைக் கழுவினேன். கார்புரேட்டரில் உண்மையாகவே ஒரு கோளாறு இருந்தது. சேலம் 300 மீட்டர் உயரத்துக்குள் இருக்கும் ஊர். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். மேலே காற்று அடர்த்தி குறைவு. கீழே சரியாக வைத்த பெட்ரோல் அளவு இங்கே அதிகமாகிவிடுகிறது, மெஷின் கரகரவென்று புகை தள்ளுகிறது. முழு வேகத்தில் போகும் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஹெச் ஸ்க்ரூவை அரைக்கால் சுற்று உள்ளே திருப்பியதும் சத்தம் தெளிந்தது. ஆசைப்பட்டு அதற்குமேல் திருகினால் பெட்ரோலோடு சேர்ந்து வரும் ஆயிலும் குறைந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், ஜாக்கிரதை. ஆனால் இவ்வளவு செய்தும் வெட்டு மட்டும் அப்படியே இருந்தது.

அப்புறம் செயினுக்கு வந்தேன். .325 பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி, இஞ்ச் கணக்கு) செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம். 30 டிகிரி சாய்த்து, உள்ளிருந்து வெளிப்பக்கமாக மட்டும் தள்ள வேண்டும். ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து ராவினேன். விரல் வைத்தால் கீறுகிற கூர். மரத்தில் வைத்தால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது!

பக்கத்து எஸ்டேட்டில் வருடக்கணக்காக மரம் அறுக்கும் அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார். எஞ்சின் பக்கம் திரும்பவே இல்லை. செயினை நகத்தால் தடவிவிட்டுச் சொன்னார்: "பல்லு நல்லா இருக்குதுங்க தம்பி. முன்னால இருக்கிற திமில யாரு ராவுறது?"

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று முடிவு செய்வது அதுதான். பல்லை ராவ ராவ அதன் உயரம் இறங்குகிறது, மேடு அப்படியே நிற்கிறது. கடைசியில் மேடுதான் மரத்தில் உரசுகிறது, பல் காற்றில் போகிறது. மேடு பல்லைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும், ஏடிஎம் கார்டின் கனத்தைவிடக் கொஞ்சம் குறைவு. தட்டை அரத்தால் இரண்டு மூன்று இழுப்பு போதும். அளவுக்கு மேல் ராவினால் மெஷின் வெடுக்கென்று இழுத்து உதறும். அன்று சாயங்காலமே மாவு நின்று, சிராய் சிராயாக விழ ஆரம்பித்தது.

வெட்டு ஒரு பக்கமாக வளைந்துகொண்டு போனதும் என் கைவேலைதான். வலது கைக்காரனான நான் ஒரு பக்கத்துப் பற்களை அழுத்தியும் மறுபக்கத்தைத் தடவியும் ராவியிருக்கிறேன். இரண்டு பக்கமும் நீளம் சமமானதும் வெட்டு நேரானது. செயினுக்கு ஆயில் விடும் பாரின் துளை தூளால் அடைத்திருந்ததையும் அப்போதுதான் கண்டேன். மெஷினை ஓடவிட்டு நுனியை ஒரு அட்டைக்கு நேரே காட்டினால் ஆயில் கோடாகத் தெறிக்க வேண்டும்.

புது மெஷின் வாங்கவில்லை. பதிலாக 18 இஞ்ச் பாரும் செமி சிசல் செயினும் வாங்கினேன். எங்கள் சில்வர் ஓக் எதற்கும் 22 இஞ்ச் தேவைப்பட்டதில்லை. எஞ்சினுக்குச் சுமை குறைந்தது, ராவ வேண்டிய பல்லும் 36 ஆகக் குறைந்தது. செமி சிசல் முனை கொஞ்சம் உருண்டிருப்பதால் வெட்டும் வேகம் சற்றுக் குறைவு. ஆனால் மண்ணில் புரண்ட மரத்தில் சீக்கிரம் மழுங்குவதில்லை. வாங்கப் போனால் பாரில் அடித்திருக்கும் எண்களைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். எனக்கு .325 பிட்ச், .058 கேஜ் (பாரின் பள்ளத்தில் ஓடும் கண்ணியின் கனம்), 72 லிங்க் (அந்தக் கண்ணிகளின் எண்ணிக்கை). "18 இஞ்ச் செயின் குடுங்க" என்று மட்டும் கேட்டு ஒருமுறை வீணாக மலை இறங்கி ஏறியிருக்கிறேன்.

இப்போது டேங்க் நிரப்பும்போதெல்லாம் பல்லுக்கு இரண்டு இழுப்பு. மெஷினில் மிச்சமிருக்கும் குறை அதிர்வு. அரை மணி நேரம் பிடித்தால் விரல் மரத்துப்போகிறது, அதற்கு எந்த அரமும் உதவாது. ஸ்டில் கம்பெனியின் எம்எஸ் 250 மெஷின் வெறும் 45 சிசிதான். தெரிந்தவர் ஒருவருடையதைப் பிடித்துப் பார்த்தேன், கை அவ்வளவு நடுங்கவில்லை. இந்த வருடக் காபிப் பறிப்பு முடிந்து பணம் கைக்கு வந்ததும் அதை யோசிக்கலாம் என்றிருக்கிறேன்.