திருநகரில் ஒரு பிளக்-இன் ஹைபிரிட்: மூன்று ஆண்டு அனுபவம்

சென்னையில் ஒருவர் நான்கு ஆண்டுகள் ஓட்டி விற்ற ஏழு இருக்கை பிளக்-இன் ஹைபிரிட் கார் ஒன்றை 2022இல் வாங்கினேன். 2018இல் தயாரான வண்டி. வீடு மதுரை திருநகரில், பட்டறை கப்பலூர் தொழிற்பேட்டையில். போய்வர நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர். மாதம் ஓரிரு முறை வெளியூர்ப் பயணம் உண்டு. இந்தக் கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை என்று எண்ணித்தான் வாங்கினேன். அந்த எண்ணம் பெரிதாகப் பொய்க்கவில்லை என்றாலும், வாங்கும்போது நான் எதற்கெல்லாம் பயந்தேனோ அவை ஒன்றும் நடக்காமல், நினைத்தே பார்க்காதவை வரிசையாக வந்து நின்றன. தயாரித்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை ஒரு நிறுவனத்துக்கு உரியவை அல்ல, இந்த ரகத்துக்கே உரியவை.

ஹைபிரிட் என்றால் பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த வண்டி. நம் சாலைகளில் அதிகம் தென்படும் ஸ்ட்ராங் ஹைபிரிட் கார்களின் பேட்டரி ஒன்றிரண்டு யூனிட்டுக்குள் அடங்கிவிடும். எஞ்சினும் பிரேக்கும்தான் அதற்குத் தீனி. பிளக்-இன் ஹைபிரிட்டில் பேட்டரி பெரிது, வீட்டு பிளக்கில் செருகி ஏற்ற வேண்டும். என் வண்டியில் இருப்பது சுமார் 10 யூனிட் கொள்ளளவு. அதை முழுவதுமாகக் காலி செய்ய வண்டி விடாது என்பதால் கைக்கு வருவது எட்டு யூனிட் போல. புதிதில் மின்சாரத்தில் மட்டும் 40 கிலோமீட்டர் ஓடும் என்று சொல்லி விற்ற இந்த வண்டி, மார்கழிக் காலையில் 33 கிலோமீட்டர் ஓடும். அக்னி நட்சத்திர வெயிலில், ஏசியை முழு வேகத்தில் வைத்தால், 27ஐத் தாண்டுவதில்லை. என் 20 கிலோமீட்டருக்கு அது போதும்.

செலவுக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள இந்த வண்டி அந்த 20 கிலோமீட்டருக்குச் சுவரிலிருந்து ஏறக்குறைய ஆறரை யூனிட் இழுக்கிறது. இரண்டு மாதத்தில் 50 வேலை நாள் என்று வைத்தால் 325 யூனிட். முன்பு 420ஐ ஒட்டி வந்துகொண்டிருந்த எங்கள் வீட்டு மின் பயன்பாடு 745 ஆயிற்று. தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டியதும் மேல் படியின் விலை ஏறுவதோடு, நூற்றொன்றிலிருந்து இருநூறு வரைக்குமான சலுகை விலையும் கைவிட்டுப் போய்விடுகிறது என்பதை முதல் பில் வந்த பிறகுதான் உணர்ந்தேன். அப்படியும் ஒரு நாள் ஓட்டத்துக்கு ஆகும் செலவு 60 ரூபாய்க்குச் சற்று முன்பின்தான். அதே தூரத்தைப் பெட்ரோலில் ஓட்டினால் 225 ரூபாய் ஆகும். மாதம் நான்காயிரம் ரூபாய் மிச்சம். அந்த மிச்சத்தில் பாதியை வண்டி வேறு வழிகளில் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

முதல் வழி, எர்த். வண்டியோடு வந்த சார்ஜரை வீட்டின் 15 ஆம்பியர் பவர் பிளக்கில் செருகிய முதல் நாளே அதன் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பிளக்கை மாற்றிப் பார்த்தேன், ஒயரை மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. எலக்ட்ரீஷியன் வந்து மீட்டரை வைத்தபோது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 18 வோல்ட் காட்டியது. முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடு. எர்த் குழி இருந்த இடத்தின் மேல் பத்தாண்டுகளுக்கு முன்பு நாங்களே போர்டிகோவுக்காக சிமென்ட் தளம் போட்டு மூடியிருக்கிறோம். மழைத் தண்ணீர் இறங்க வழியில்லாமல் குழி காய்ந்து சருகாகிவிட்டது. தோட்டத்து ஓரமாக எட்டடிக்குப் புதுக் குழி தோண்டி, ஜி.ஐ. குழாய் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு நிரப்பிய பிறகு மீட்டர் 2 வோல்ட்டுக்கு இறங்கியது, விளக்கும் பச்சைக்கு மாறியது. ஃபிரிட்ஜைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்று அம்மா பல காலமாகச் சொல்லிவந்ததை நாங்கள் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை; அந்தச் சுருக்கும் அன்றோடு நின்றது. கோடையில் வாரம் ஒரு முறை அந்தக் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவது இப்போது வண்டிப் பராமரிப்பில் சேர்ந்துவிட்டது.

பழைய வீடுகளில் பவர் பிளக்கையும் நம்ப வேண்டாம். ஏசிக்குப் போட்ட பிளக் என்பதால் தாங்கும் என்று நினைத்தேன். ஆனால் மூன்று நான்கு மணி நேரம் ஒரே சீராக 10 ஆம்பியர் இழுக்கும்போது, தளர்ந்த திருகு ஒன்று போதும், பிளக்கின் முகம் பழுப்பேறிவிடுகிறது. மெயின் போர்டிலிருந்து தனி ஒயர், மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் தனி ஆர்.சி.சி.பி. சுவிட்ச் என்று பிரித்த பிறகே நிம்மதி.

அடுத்தது 12 வோல்ட் பேட்டரி, இந்த மூன்று ஆண்டில் என்னை அதிகம் படுத்தியது இதுதான். தரைக்கடியில் உள்ள பெரிய பேட்டரியில் எத்தனை யூனிட் இருந்தாலும் சரி, அதை வண்டியோடு இணைக்கும் உள் சுவிட்சை மூடுவதற்கு இந்தச் சின்ன பேட்டரியின் மின்சாரம் வேண்டும். சின்னது செத்தால் பெரியது இருந்தும் இல்லாததுதான். அழகர் ஆற்றில் இறங்கும் வாரம் பட்டறைக்கு விடுமுறை விட்டு, அதையொட்டிக் குடும்பத்தோடு ரயிலில் வெளியூர் போய், 18 நாள் கழித்துத் திரும்பி வந்தபோது வண்டி சாவிக்கு அசையவில்லை. ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் தகட்டுச் சாவியை உருவி ஓட்டுநர் கதவை மட்டும் திறந்தேன். இப்படி ஒரு நாள் வரும் என்று முன்யோசனையாக வாங்கி வைத்திருந்த, செத்த பேட்டரிக்கு உயிர் கொடுக்கும் ஜம்ப் ஸ்டார்ட்டர் டிக்கியில் இருந்தது. டிக்கியோ மின்சாரத்தில் மட்டுமே திறப்பது. வழக்கமாக வரும் மெக்கானிக் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஆரஞ்சு ஒயர் ஓடுது, நான் கை வைக்க மாட்டேண்ணே, தப்பா நினைக்காதீங்க" என்று ஒதுங்கிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆரஞ்சு உறை போட்ட ஒயரில் ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ட், பயிற்சி இல்லாதவர் தொடாமலிருப்பதே சரி. ஆனால் 12 வோல்ட்டுக்கான ஜம்ப் முனைகள் ஆரஞ்சு ஒயரோடு தொடர்பில்லாமல் தனியே இருந்தன என்பதைக் கையேட்டைப் புரட்டிக் காட்டி, அவருடைய ஆட்டோ பேட்டரியிலிருந்தே உயிர் கொடுத்தோம். பிறகு அதே ஏ.ஜி.எம். ரகத்தில் (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருப்பது) புதிய பேட்டரி மாற்றிய செலவு இருபதாயிரம் ரூபாயைத் தொட்டது. விலை குறைந்த சாதாரண பேட்டரியே போதும் என்று ஒரு கடைக்காரர் அடித்துச் சொன்னார். வண்டியோடு வந்த ரகத்தை மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

தினமும் மின்சாரத்தில் ஓடுவதால் எஞ்சின் தூங்கியே கிடக்கிறது என்பது வாங்கும்போது நன்மையாகத் தெரிந்தது. ஆறு மாதம் கழித்து ஆயில் மூடியைத் திருகிப் பார்த்தால் அதன் அடியில் பாலாடை போல வெளுத்த பசை. எப்போதாவது ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் எஞ்சின் விழித்து, இரண்டு நிமிடம் ஓடி, சூடேறும் முன்பே மறுபடி அணைந்துவிடுகிறது. உள்ளே உருவாகும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போக வழியில்லாமல் ஆயிலில் கலக்கின்றன. இதற்கு மருந்து வாரம் ஒரு முறை முக்கால் மணி நேரமாவது எஞ்சினிலேயே ஓட்டுவதுதான். சனிக்கிழமை இரவு விருதுநகருக்கு எண்ணெய்ப் பரோட்டா சாப்பிடப் போவதை வண்டிக்கான வைத்தியம் என்று வீட்டில் சொல்லிவருகிறேன். ஆயில் மூடி இப்போது சுத்தமாக இருப்பதால் யாரும் எதிர்த்துப் பேச முடியவில்லை. கிலோமீட்டரைப் பார்க்காமல் ஆண்டுக்கு ஒரு முறை ஆயிலை மாற்றிவிட வேண்டும்.

பெட்ரோலும் தொட்டியில் பழசாகிறது. இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது, எத்தனால் ஈரத்தை இழுக்கும், 2018ஆம் ஆண்டு வண்டி அந்த அளவுக்காகச் செய்யப்பட்டதும் அல்ல. ஆகவே தொட்டியை நிரப்பாமல், 20 லிட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்கிறேன். பங்கில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஆவி வெளியேறாமலிருக்கத் தொட்டியை அழுத்தத்தில் அடைத்து வைத்திருப்பதால், பொத்தானை அழுத்திய பிறகு அழுத்தம் இறங்கி மூடி திறக்கச் சில விநாடிகள் பிடிக்கும். பின்னால் நிற்கும் பைக்குகள் ஹாரன் அடிக்க, பம்ப் பிடித்த பையன் "சார், மூடி திறக்கலையே" என்று இரண்டு முறையாவது சொல்லிவிடுவான்.

கொடைக்கானல் பயணம் ஒரு பாடம் கற்பித்தது. மேலே தங்கிய விடுதியில் பிளக் கொடுத்தார்கள் என்று இரவெல்லாம் ஏற்றி, நூறு விழுக்காடு பேட்டரியோடு காலையில் வத்தலக்குண்டு நோக்கி இறங்கினேன். நிரம்பிய பேட்டரிக்குள் மேலும் மின்சாரம் ஏறாது. எனவே மோட்டார் தரவேண்டிய இழுவை இல்லாமல், வண்டியின் எடை முழுவதையும் சாதாரண பிரேக்கே தாங்கியது. வெள்ளி அருவியைத் தாண்டிச் சில வளைவுகளிலேயே சூடான பிரேக்கின் வாடை உள்ளே வந்தது. கியரை இறக்கி எஞ்சின் இழுவையில் ஓட்டி, நடுவே இரண்டு இடத்தில் நிறுத்தி ஆறவிட்டு வந்து சேர்ந்தோம். அடுத்த முறை காலி பேட்டரியோடு இறங்கியபோது பிரேக்கை அதிகம் தொடவே இல்லை, வத்தலக்குண்டு வரும்போது பேட்டரி 40 விழுக்காடு தானாக நிரம்பியிருந்தது. விற்பவர் இதைச் சொல்லியிருக்கலாம்.

சமவெளியில் நிலைமை தலைகீழ். மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் தட்டுகள் தேயாமல் துருவேறுகின்றன. ஐப்பசி மழைக்குப் பிறகு முதல் சில பிரேக்குகள் கிரீச்சிடும். எடையால் டயர் சீக்கிரம் தேய்கிறது, ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் கிட் மட்டும்தான். ஒயரைக் கடிக்கும் எலிக்கு நான் புகையிலையும் பாச்சை உருண்டையும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், பலன் சுமார்.

நான்குவழிச் சாலையில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம் என்ற கனவும் வேண்டாம். அங்கே பெரும்பாலும் உள்ளவை டி.சி. (நேர்திசை மின்னோட்ட) வேக சார்ஜர்கள், இந்த வண்டி வீட்டு மின்சாரம் போன்ற ஏ.சி.யை (மாறுதிசை மின்னோட்டத்தை) மட்டுமே ஏற்கும். ஏ.சி. முனை இருந்த ஓரிடத்தில் காவலாளி வெள்ளை எண் பலகையைப் பார்த்துவிட்டு, "இது பெட்ரோல் வண்டியாச்சே" என்று தடுத்தார். பச்சைப் பலகை முழு மின்சார வண்டிக்குத்தான், ஹைபிரிட்டுக்கு இல்லை. வரியிலும் அதே கதைதான்: 2025 செப்டம்பர் மாற்றத்துக்குப் பிறகு மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு, இப்படிப்பட்ட பெரிய ஹைபிரிட்டுக்கு 40.

சர்வீஸ் கோயம்புத்தூரில், போக மட்டும் 200 கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாள் காலையில் சார்ஜர் கேபிளின் முனை வண்டியிலிருந்து கழல மறுத்தது. முனையைப் பூட்டும் சிறு ஊசியின் மோட்டார் சிக்கிக்கொண்டதாம். அவர்கள் தொலைபேசியில் சொன்னபடி டிக்கியின் உள்பக்கப் பட்டையைப் பிரித்து, அங்கிருந்த சரடை இழுத்ததும் கழன்றது. பத்து நிமிட வேலை. ஆனால் அந்த விரல் நீள மோட்டார் வந்துசேர 19 நாள் ஆயிற்று. அதுவரை தினமும் காலையில் சட்டை மாற்றும் முன் சரடு இழுக்கும் சடங்கு நடந்தது. அங்குள்ள தொழில்நுட்பர்கள் தெரிந்தவர்கள்தான், பில்லும் நியாயமே. பாகங்களை இருப்பில் வைக்காததை மட்டும் மன்னிக்க முடியவில்லை.

எல்லோரும் பயமுறுத்திய பெரிய பேட்டரி இதுவரை ஒரு குறையும் வைக்கவில்லை. இந்த ரகங்களில் அதற்குப் பெரும்பாலும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் இருக்கும். பகல் வெயிலில் நிறுத்தி வந்த சூட்டோடு ஏற்றாமல், இரவு பத்துக்கு மேல் ஏற்றுகிறேன்.

சொந்த போர்டிகோவும் நல்ல எர்த்தும், நாளுக்கு 25 கிலோமீட்டருக்குள் ஓட்டமும் உள்ளவர்கள் பழைய வண்டியாகக் கிடைத்தால் இதைத் துணிந்து பார்க்கலாம். ஆயில் மூடியைத் திறந்து பார்க்காமல் முன்பணம் மட்டும் கொடுத்துவிட வேண்டாம். அண்ணாநகரில் அடுக்குமாடியில் இருக்கும் நண்பர் ஒருவர் என் வண்டியை விலைக்குக் கேட்டார். கீழ்த்தளத்தில் அவருக்கென்று ஒரு பிளக் இல்லை என்று தெரிந்ததும் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். உத்தரவாதம் முடியும் முன் தள்ளிவிடு என்ற யோசனைகள் வந்தபடி இருக்கின்றன, நான் வைத்துக்கொள்வதாகத்தான் இருக்கிறேன். ஜம்ப் ஸ்டார்ட்டர் இப்போது டிக்கியில் இல்லை. வாசலில், செருப்பு அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.