ஒரே அச்சகத்தில் இரண்டு தரப்பு நோட்டீஸ்: மிதிவண்டித் தடப் பிரசாரத்துக்கு அச்சடித்த அனுபவம்

ராமநாதபுரம் அரண்மனைப் பகுதியில் உள்ள ஓர் ஆஃப்செட் அச்சகத்தைப் பற்றிய மதிப்புரை இது. அதன் பெயரைச் சொல்லாமலேயே எழுதுகிறேன். நான் சேர்ந்திருக்கும் தரப்பும் எங்களை எதிர்க்கும் தரப்பும் இன்றுவரை அங்கேதான் வேலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம். தவிர, கீழே சொல்லப்போகும் ஒரு பிழை அதன் உரிமையாளருக்குப் போதுமான சங்கடத்தை ஏற்கெனவே தந்துவிட்டது.

எங்கள் ஊர் கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடைப்பட்ட கரையில் இருக்கிறது. மீன் இறங்குதளத்தில் தொடங்கிக் கடைத்தெரு வழியாக மேல்நிலைப் பள்ளி வரை, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டருக்கு, சாலையோரத்தில் தடுப்புக்கல் வைத்துப் பிரித்த தனி மிதிவண்டித் தடம் அமைக்கலாம் என்று ஒரு யோசனை எழுந்ததிலிருந்து ஊர் இரண்டாகப் பேசிக்கொண்டிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர், கேரியரில் ஐஸ் பெட்டி கட்டி மீன் விற்கப் போகிறவர்கள் ஆகியோர் ஒரு பக்கம். கடைத்தெரு வியாபாரிகளும் வாடகை வேன் ஓட்டுநர்களும் மறு பக்கம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாள் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, ஆண்கள் பெரும்பாலும் கரையில் இருப்பார்கள் என்பதைக் கணக்கிட்டு இரண்டு தரப்புமே அந்த நாட்களில்தான் நோட்டீஸ் விட்டோம். ஒரே வாரத்தில், ஒரே அச்சகத்தில்.

நாங்கள் கேட்டது எளிய வேலைதான். டெமி எட்டில் ஒரு பங்கு அளவு, அறுபது ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாள், இருபுறமும் ஒரே நிறம், ஆயிரம் பிரதி. வாசகத்தை நான் கைப்பேசியில் யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தேன். அச்சகத்தில் இன்னும் யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருதான் புழங்குகிறது என்பதால் அதை மாற்றும்போது சில எழுத்துகள் இடம் பெயர்ந்தன. எழுத்துருவோடு தொடர்பில்லாத கைத்தவறுகளும் சேர்ந்துகொண்டன. முதல் மெய்ப்பில் ‘மிதிவண்டி’ மூன்று இடங்களில் ‘மீதிவண்டி’ என்று வந்திருந்தது. லாரியும் வேனும் போனபிறகு மீதி இருக்கும் சாலையில் ஓடுகிற வண்டிக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான் என்று சிரித்துவிட்டுத் திருத்தினோம். தட்டச்சு செய்யும் பெண் பொறுமைசாலி. நான்கு முறை மெய்ப்பு பார்த்தும் முகம் சுளிக்கவில்லை. நான்காவது முறைக்குத் தனிக் கட்டணமும் கேட்கவில்லை.

இந்த அச்சகத்தின் உண்மையான சேவை தாளிலும் மையிலும் இல்லை, உரிமையாளரின் வாசிப்பில் இருக்கிறது. நான் எழுதிக் கொடுத்த வாசகத்தில் ஏழு அம்சங்கள் இருந்தன. 2006ஆம் ஆண்டு தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை மிதிவண்டிக்கும் நடந்து செல்வோருக்கும் தனி வழி வேண்டும் என்று சொன்னது முதல், 2014இல் சென்னை மாநகராட்சி மோட்டார் அல்லாத போக்குவரத்துக்குத் தன் போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் ஒதுக்குவதாகக் கொள்கை வகுத்தது வரை எல்லாவற்றையும் அடுக்கியிருந்தேன். கனடாவின் டொராண்டோவில் புளூர் தெருவில் 2016இல் சோதனையாகத் தடம் போட்டபோது, கடைக்காரர்கள் அஞ்சியதற்கு மாறாக வாடிக்கையாளர் வரவும் செலவும் கூடியதையும், தங்களிடம் காரில் வருவோர் எத்தனை பேர் என்பதைக் கடைக்காரர்கள் உண்மையைவிட மிகையாக மதிப்பிட்டிருந்தது ஆய்வில் தெரிந்ததையும் சேர்த்திருந்தேன். அதே புளூர் தெருத் தடத்தை அகற்ற 2024இல் ஒன்டாரியோ மாகாண அரசு சட்டம் கொண்டுவந்ததை மட்டும், வசதியாக, விட்டுவிட்டேன்.

உரிமையாளர் இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு, “சார், இது கட்டுரை. நோட்டீஸ் என்றால் டீக்கடையில் கண்ணாடி போடாமல் படிக்க முடிய வேண்டும். டொராண்டோவில் மீன் வியாபாரம் உண்டா என்று ஒருவன் கேட்டால் என்ன சொல்வீர்கள்?” என்றார். பதினோராம் வகுப்பில் சேரும் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா மிதிவண்டி தருகிறது என்று நான் ஐந்தாவது அம்சமாக எழுதியிருந்ததைச் சுட்டிக்காட்டி, இதை மேலே கொண்டுவாருங்கள் என்றார். 2001–02 கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கிப் பிறகு விரிவடைந்த அந்தத் திட்டத்தின் வண்டி எங்கள் ஊரில் அநேக வீட்டு வாசலில் நிற்கிறது. ‘வண்டி வந்தது, வழி எங்கே?’ என்ற வரியை ஒரு பழைய பில்லின் பின்புறத்தில் எழுதிக் காட்டியவர் அவர்தான். அந்த வரியை ஏற்றுக்கொண்டோம். ஏழு அம்சங்களைக் குறைக்க மாட்டோம் என்று பிடிவாதமும் பிடித்தோம். அவர் மறுபேச்சு பேசாமல் எழுத்தின் அளவைச் சிறிதாக்கி அடித்துக் கொடுத்தார். வேலை கொடுப்பவர் சொல்வதைச் செய்வது அச்சகத்தின் கடமை என்றாலும், இன்னும் இரண்டு நிமிடம் எங்களோடு மல்லுக்கு நின்றிருக்கலாம் என்பது என் குறை.

ஏனெனில், எதிர்த்தரப்பு நோட்டீஸ் மூன்று நாள் கழித்து வெளிவந்தபோது அது எங்களுடையதைவிட நன்றாக இருந்தது. ஒரே பக்கம், பெரிய எழுத்து, மூன்றே கேள்விகள். கருவாட்டு மூட்டை ஏற்றும் வேன் எங்கே நிற்கும்? பைபர் படகை ஏற்றிய டிரெய்லர் கடைத்தெரு முனையில் எப்படித் திரும்பும்? ஏர்வாடி தர்கா சந்தனக்கூட்டுத் திருவிழாவுக்கு வரும் வண்டிகள் எங்கே ஒதுங்கும்? எங்கள் ஏழு அம்சங்களில் இந்த மூன்றுக்கும் பதில் இல்லை. வெளியூர்ச் சான்றுகளை அவர்கள் தொடவே இல்லை. தொட்டிருந்தால் எங்களுக்குச் சிரமமாகியிருக்கும். டெல்லியில் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்குப் பேருந்துத் தடத்தோடு மிதிவண்டித் தடமும் அமைத்து 2008இல் திறந்தார்கள். மிதிவண்டித் தடத்தில் மோட்டார் சைக்கிள்கள் புகுந்து புழங்கின. பேருந்துத் தடம் 2016இல் பிரித்தெடுக்கப்பட்டது. சரக்கு இறக்கும் இடம் போய்விடும் என்ற எங்கள் வியாபாரிகளின் அச்சமும் புதிதல்ல. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ரோஸ்பர்ன் பகுதிக் கடைக்காரர்கள் 2016இல் இதே காரணத்தைச் சொல்லித்தான் எதிர்த்தார்கள். நகர மன்றம் ஒப்புதல் தந்த பிறகும் அங்கே வேலை தொடங்க 2022 ஆயிற்று.

எதிர்த்தரப்பு நோட்டீஸ் அங்கேதான் தயாராகிறது என்பது எங்களுக்கு முன்பே தெரியாது. நாங்கள் மெய்ப்பு பார்க்கப் போன அன்று பக்கத்து மேசையில் ஏதோ ஒரு தாளின் மேல் தினசரி ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதற்கு இப்போதுதான் அர்த்தம் புரிகிறது. அவர்கள் எத்தனை பிரதி அடித்தார்கள் என்று பிறகு நான் கேட்டபோதும் உரிமையாளர் சிரித்துவிட்டு டீ சொன்னாரே தவிர எண்ணைச் சொல்லவில்லை. எங்கள் எண்ணையும் அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

இன்னொரு விஷயத்தில் அவர் கறாரானவர். நோட்டீஸின் அடியில் ‘இப்படிக்கு, ஊர் பொதுமக்கள்’ என்று போடச் சொன்னோம். முடியாது என்றார். தேர்தல் துண்டுப் பிரசுரங்களில் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு. இது தேர்தல் அல்ல என்று நான் வாதாடினேன். தன் அச்சகத்தில் தேர்தலுக்கு ஒரு பழக்கம், மற்ற நாளுக்கு ஒரு பழக்கம் என்று வைத்துக்கொண்டால் பையன்கள் குழம்பிவிடுவார்கள் என்றார் அவர். வேறு வழியின்றி ஐந்து பேர் பெயரைப் போட்டோம். எதிர்த்தரப்பு நோட்டீஸிலும் ஐந்தாறு பேர் பெயர்தான் இருந்தது. அவர்களும் முதலில் ‘ஊர் பொதுமக்கள்’ என்றே கேட்டிருந்தார்கள் என்பது பின்னால் அவர்கள் வாயாலேயே தெரிந்தது. இரண்டிலும் கீழே ஒரே அச்சகத்தின் பெயர் இருந்ததைப் பார்த்து, இரண்டு பக்கமும் ஒரே ஆளின் வேலைதானோ என்று டீக்கடையில் பேச்சு வந்தது. அந்தப் பேச்சைச் சில நாள் சகித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இனி பிழைக்கு வருகிறேன். பள்ளிச் சுவரில் அல்ல, எங்கள் உறுப்பினர் ஒருவரின் சொந்தக் காம்பவுண்டுச் சுவரில் கட்டுவதற்காக எட்டுக்கு நான்கு அடியில் ஒரு பிளெக்ஸ் கேட்டிருந்தோம். தெருவில் கட்டும் எண்ணம் எங்களுக்கு முதலிலிருந்தே இல்லை. 2019இல் சென்னைப் பள்ளிக்கரணையில் சாலையில் பேனர் விழுந்து இருசக்கர வாகனத்தில் சென்ற இளம்பெண் ஒருவர் உயிரிழந்த பிறகு, பாதுகாப்பான சாலை கேட்கிறவர்கள் சாலைக்கு மேல் பேனர் கட்டுவது முறையாகாது. ‘தனி மிதிவண்டித் தடம் வேண்டும்’ என்பது வாசகம். வந்து சேர்ந்த பிளெக்ஸில் ‘தனி மிதிவண்டித் தடை வேண்டும்’ என்று இருந்தது. எதிர்த்தரப்பின் வேலையில் ‘தடை’ என்ற சொல்லைத் தட்டிக்கொண்டிருந்த கையே எங்கள் வேலையையும் தட்டியிருக்க வேண்டும். கட்டியவர் படித்துப் பார்க்காமல் கட்டிவிட்டார். மாலை நான்கு மணி முதல் எட்டு மணி வரை அது சுவரில் தொங்கியது. அதற்குள் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டு, ஆதரவுக்கு நன்றி என்று வியாபாரிகள் எழுதியிருந்தார்கள்.

குற்றம் முழுவதும் அச்சகத்தினுடையது என்று சொல்ல மாட்டேன். நோட்டீஸுக்குத் தாளில் மெய்ப்பு தருகிறவர்கள் பிளெக்ஸுக்குக் கைப்பேசியில் கட்டைவிரல் அளவுப் படம் ஒன்றை அனுப்புவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நானும் அதைப் பெரிதாக்கிப் பார்க்காமல் ‘சரி’ என்று பதில் போட்டேன். ஆனால் இத்தனை பெரிய எழுத்துக்குத் தாள் மெய்ப்பு இல்லாத ஏற்பாடே தவறு. அதை அவரிடமே சொன்னேன். மறுநாள் காலை முதல் பேருந்தில் புதிய பிளெக்ஸை ஏற்றி அனுப்பினார். காசு வாங்கவில்லை. பேருந்துக் கூலியையும் அவரே கொடுத்திருந்தார்.

பிளெக்ஸின் தரம் பற்றியும் கடற்கரைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஜூன் பிறந்து கச்சான் காற்று எழுந்ததும் முதலில் கிழிவது நான்கு மூலை வளையங்கள்தான். இவர்கள் போடும் இரும்பு வளையம் உப்புக் காற்றில் சில வாரத்திலேயே துருப்பிடித்து, எழுத்தின் மேல் பழுப்புக் கோடு இறங்கிவிட்டது. ஓரத்தை மடித்து உள்ளே கயிறு ஓட்டி ஒட்டச் சொன்னால் செய்து தருகிறார்கள். நாம் கேட்டால்தான் செய்கிறார்கள். சதுர அடிக்குச் சில ரூபாய் கூடும். அதைக் கொடுத்துவிடுவது நல்லது. நோட்டீஸின் மை குறைசொல்ல இடமில்லாதது. ஐஸ் பெட்டிக்கு மேல் வைத்து நனைந்த பிரதிகள்கூடப் படிக்கும்படியே இருந்தன.

இரண்டாவது முறை ஐந்நூறு பிரதி அடித்தோம். இந்த முறை உரிமையாளர் சொன்னதைக் கேட்டோம். ஒரே பக்கம், நான்கே வரிகள். வியாபாரிகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் விதமாக, விடிகாலை முதல் எட்டு மணி வரை சரக்கு ஏற்றி இறக்க அனுமதி வேண்டும் என்றும், கடைத்தெரு முனையில் கல்லுக்குப் பதிலாகக் கழற்றக்கூடிய கம்பம் நடலாம் என்றும் நாங்களே எழுதினோம். தடத்தின் அகலத்தையும் சேர்த்தோம். 1962இல் முதலில் வெளியிட்டு 2015இல் திருத்திய தன் வழிகாட்டியில் இந்தியச் சாலைக் காங்கிரஸ் மிதிவண்டித் தடத்துக்கென்றே அளவுகள் வகுத்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் நோட்டீஸில் நாங்கள் அச்சடித்தது, இரண்டு பக்கமும் பெட்டி தொங்கும் ஒரு மீன் வண்டியை இன்னொரு வண்டி உரசாமல் தாண்டிப் போக வேண்டும் என்பதை மட்டும்தான். அதைப் படித்த கருவாட்டு மண்டிக்காரர் ஒருவர், எட்டு மணி போதாது, ஒன்பது வரை வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். பேரம் பேசுகிறார் என்றால் முழுக்க எதிர்க்கவில்லை என்று எடுத்துக்கொண்டோம். சந்தனக்கூட்டு நாட்களுக்கு மட்டும் இன்னும் எங்களிடம் விடை இல்லை.

அச்சகம் ஞாயிறு விடுமுறை. முகூர்த்த மாதங்களில் பத்திரிகை வேலை குவிந்துவிடுவதால் நோட்டீஸுக்கு நான்கு நாள் பிடிக்கும். மற்ற நேரங்களில் இரண்டே நாள். பாதிப் பணம் முன்பணமாகக் கேட்கிறார்கள், ரசீது தருகிறார்கள். மாடிப்படி செங்குத்தானது, முதியவர்கள் கீழிருந்தே குரல் கொடுத்தால் பையன் இறங்கி வருவான். பிளெக்ஸ் அடிப்பதாயிருந்தால் மட்டும் நேரில் போய், தாளில் அடித்துக் காட்டச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டு வாருங்கள்.

பிழையாக வந்த பழைய பிளெக்ஸை என்ன செய்வது என்று கேட்டதற்கு எரித்துவிடச் சொன்னார் உரிமையாளர். எரிக்கவில்லை. எதிர்வீட்டு அக்கா கருவாடு காயவைக்கும் இடத்தில் மழைக்கு மூட வேண்டும் என்று கேட்டார், கொடுத்துவிட்டேன். எழுத்துப் பக்கம் உள்ளே இருக்கும்படிதான் கட்டச் சொன்னேன், அப்படித்தான் கட்டியும் இருக்கிறார். காற்று தூக்கும்போது மட்டும் ‘தடை வேண்டும்’ என்ற பாதி தெருவுக்குத் தெரிகிறது.