வெளிமாநிலத்தில் விவாகரத்து வழக்கு: பயணச் செலவு மனுவா, வீடியோ விசாரணையா, வழக்கு மாற்றமா?

கணவர் வேறு மாநிலத்தில் விவாகரத்து மனு போட்டுவிட்டார், போய்வரக் காசில்லை என்னும் பெண்ணுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றையும் விசாரித்துவிட்டு, புனேயில் நடந்த வழக்கை மதுரைக்கு மாற்றிக்கொண்டவள் நான். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை.

போகாமலே இருந்துவிடுவதை ஒரு வழியாக நினைக்காதீர்கள். ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். அதை ரத்துசெய்ய 30 நாளுக்குள் மனு போட்டு, வராததற்குத் தக்க காரணமும் காட்ட வேண்டும்.

முதல் வழி, இந்து திருமணச் சட்டம் 24-ஆம் பிரிவு. வருமானமில்லாத கணவனோ மனைவியோ இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்கலாம். நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் கூடியவரை முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் அந்த மனுவை நடத்த வேண்டியதும் அதே தொலைதூர நீதிமன்றத்தில்தான். உத்தரவு வந்தும் பணம் வராவிட்டால், நிறைவேற்றக் கோரி மறுபடி அங்கேதான் நிற்க வேண்டும்.

இரண்டாவது, வீடியோ விசாரணை. 2017-இல் சாந்தினி வழக்கில் உச்ச நீதிமன்றம், சமரச முயற்சி தோற்ற பிறகு, இரு தரப்பும் சேர்ந்து கேட்டால்தான் குடும்ப நல நீதிமன்றம் இதைப் பரிசீலிக்கலாம் என்றது. கொரோனா காலத்துக்குப் பின் உயர் நீதிமன்றங்கள் தனி விதிகள் வகுத்து, கதவு அகலமாகியிருக்கிறது. நான் இதைப் பயன்படுத்தியதில்லை. பயன்படுத்திய இருவர், சாதாரண வாய்தாக்களுக்கு உதவியது, சாட்சி விசாரணைக்கு நேரில் வரச் சொன்னார்கள் என்றார்கள். இரண்டு பேர் அனுபவத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

என் முடிவைத் தீர்மானித்தது வாய்தா. ஒரு தடவை போய்வருவதென்றால் கடன் வாங்கியாவது போயிருப்பேன். எதிர்மனு தாக்கலாகவில்லை, எதிர்த்தரப்பு வக்கீல் அவகாசம் கேட்கிறார், நீதிபதி விடுப்பு, கவுன்சலிங்குக்கு இன்னொரு நாள் என்று தேதி தள்ளிக்கொண்டே போகும். கவுன்சலிங்குக்கு வக்கீலை அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கவும் முடியாது. ஒவ்வொரு தேதிக்கும் டிக்கெட், தங்குமிடம், துணைக்கு வருபவர் செலவு, போன நாட்களின் கூலி, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள். நீதிமன்றம் பயணப்படி கொடுத்தால் டிக்கெட் காசு திரும்பலாம். அடிக்கடி லீவு கேட்டு வேலை போனால் அதை யார் திருப்பித் தருவார்கள்? செலவை ஈடுகட்டும் வழியைவிட, செலவே வராமல் செய்யும் வழிதான் எனக்குச் சரியாகப் பட்டது.

அதுதான் வழக்கு மாற்று மனு. ஒரே மாநிலத்துக்குள் என்றால் சிவில் நடைமுறைச் சட்டம் 24-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றம். மாநிலம் தாண்டினால் 25-ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றம். டெல்லி என்றதும் பயம் வரும். நான் டெல்லிக்குப் போகவே இல்லை. பிரமாணப் பத்திரத்தில் இங்கேயே நோட்டரி முன் கையெழுத்திட்டு அனுப்பினேன், வக்கீல் ஆஜரானார். வக்கீல் கட்டணத்துக்கும் வழி உண்டு: 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 12-ஆம் பிரிவில் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100 என்ற எண்ணை அழையுங்கள்.

மனுவில் வறுமையைப் பொதுப்படையாக எழுதாதீர்கள். குழந்தையின் வயது, உங்கள் வருமானம், துணைக்கு ஆள் இல்லாதது என ஒவ்வொன்றையும் தாளோடு காட்டுங்கள். உங்கள் ஊரில் ஏற்கெனவே ஜீவனாம்ச வழக்கோ குடும்ப வன்முறை வழக்கோ நடந்தால் அதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். எனக்குக் கைகொடுத்தது அதுதான். தமிழ் ஆவணங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தர வேண்டும். மாற்று மனு முடியும்வரை அங்குள்ள விசாரணைக்குத் தடையும் சேர்த்துக் கேளுங்கள். இல்லாவிட்டால் அங்கே வாய்தா ஓடிக்கொண்டே இருக்கும்.

குறைகளும் உண்டு. மாதங்கள் ஆகும். மாற்றம் கிடைத்தே தீரும் என்பதும் இல்லை. கணவர் பயணச் செலவு தரட்டும் என்று சொல்லி மனுவை முடித்துவிடவும் கூடும். சம்பளம் வாங்கும் கணவர் இனி அலைய வேண்டுமே என்று சிலர் என்னிடம் வருந்தினார்கள். அலையும் சக்தி உள்ளவர் அலைவதுதான் நியாயம். கணவரும் கூலிக்காரர், அவருக்கும் வழியில்லை என்றால் கணக்கு மாறும். அப்போது இருவரும் சேர்ந்து வீடியோ விசாரணை கேட்பதே மேல்.

வழக்கு ஊருக்கு வந்த பிறகு, இந்து திருமணச் சட்டம் 24-ஆம் பிரிவு மனுவை இங்கேயே போட்டேன். அதற்கு ஆஜராக டவுன் பஸ் போதுமாக இருந்தது.