டபுள் கிளட்சா, ஃப்ளோட்டிங்கா: செமி டிரக்கில் முதலில் எதைப் பழகுவது?

கார் ஓட்டிப் பழகிய கை, அமெரிக்க செமி டிரக்கின் (டிரெய்லர் இழுக்கும் பெரிய லாரி) கியர் கம்பியைப் பிடித்ததும் திணறுவது வழக்கம். காரில் பற்களின் வேகத்தைத் தானே பொருத்திவிடும் சிங்க்ரோமெஷ் இருப்பதால், வேகம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் கியர் விழுந்துவிடும். அங்கே வெகுகாலமாக ஓடும் ஈட்டன் ஃபுல்லர் 10 ஸ்பீடு கியர்பாக்ஸில் அது கிடையாது. எஞ்சின் வேகமும் வண்டியின் வேகமும் பொருந்தினால்தான் பல்லோடு பல் சேரும். இல்லையென்றால் கரகரவென்று அரைக்கும். அந்தப் பொருத்தத்தைக் கொண்டுவர ஓட்டுநர்களிடம் இரண்டு முறைகள் இருக்கின்றன.

டபுள் கிளட்சில் ஒரு கியருக்குக் கிளட்சை இரண்டு முறை மிதிக்கிறோம். மிதித்து நியூட்ரல், காலை எடுப்பது, மறுபடி மிதித்து அடுத்த கியர். நடுவில் காலை எடுப்பது வீண்வேலை மாதிரி தெரியும். ஆனால் நியூட்ரலில் கிளட்சை விட்டால்தான், எஞ்சின் வேகம் குறையக் குறைய கியர்பாக்ஸுக்குள் எஞ்சினோடு சுற்றும் கவுண்டர் ஷாஃப்ட்டுகளின் வேகமும் கூடவே குறையும். கியரை ஏற்றும்போது 1500 ஆர்.பி.எம்.மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) கழற்றினால், அதைக் காட்டும் முள் ஏறக்குறைய 1100க்கு இறங்கும்வரை பொறுத்து, அப்புறம் தள்ள வேண்டும். கியரை இறக்கும்போது இது தலைகீழ். நியூட்ரலில் கிளட்சை விட்டபடியே ஆக்சிலரேட்டரைத் தட்டி அதே 400ஐ ஏற்ற வேண்டும்.

எவ்வளவு ஆழம் மிதிப்பது என்பதில்தான் கார் பழக்கம் காலை வாரும். டிரக் கிளட்ச் பெடலின் அடிமட்டத்தில், கடைசி ஓர் அங்குலம் அளவில், கிளட்ச் பிரேக் வேலை செய்யும். வண்டி நிற்கும்போது முதல் கியரோ ரிவர்ஸோ போடுவதற்காக, சுற்றும் ஷாஃப்ட்டை நிறுத்த வைத்தது அது. ஓடும் வண்டியில் தரைவரை மிதித்தால் கியரும் விழாது, கிளட்ச் பிரேக்கும் பாழாகும். பாதி மிதி போதும்.

ஃப்ளோட்டிங்கில் கிளட்ச் கிளம்பவும் நிற்கவும் மட்டும்தான். ஆக்சிலரேட்டரைத் தளர்த்தும் அந்தக் கணத்தில் பற்களின் மேல் இருக்கும் இறுக்கம் விலகும். அப்போது கம்பி இரண்டு விரலுக்கே நியூட்ரலுக்கு வரும். முள் இறங்கியதும் லேசாக அழுத்தினால் அடுத்த கியருக்குள் தானே வழுக்கிப் போகும். இடது காலுக்கு ஓய்வு, கியரும் சீக்கிரம் மாறும். நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் பலர் இதையே விரும்புவதில் ஆச்சரியமில்லை. ஆனாலும் ஈட்டனின் ஓட்டுநர் கையேடு டபுள் கிளட்சைத்தான் சொல்கிறது.

என் ஓட்டு, பழகும் காலத்தில், டபுள் கிளட்சுக்கே. சி.டி.எல். என்ற அமெரிக்க வணிக வாகன ஓட்டுநர் உரிமத்துக்கான கையேட்டில் இருக்கும் முறை அதுதான் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், முள் இறங்கத் தேவைப்படும் நேரத்தைக் கால் அசைவே வாங்கிக் கொடுத்துவிடுகிறது. ஃப்ளோட்டிங்கில் அந்தப் பொறுமையைக் காதும் கையும் மட்டுமே தர வேண்டும். புதியவர் அவசரப்பட்டுக் கம்பியைப் பல்லின் மேல் அழுத்திக்கொண்டே வேகத்தைத் தேடுவார், பல் தேயும். 5இலிருந்து 6க்குப் போகும் இடத்தில் இது நன்றாகத் தெரியும். 5ஐ விட்டு விலகுவதற்கு முன்பே ரேஞ்ச் பொத்தானை (கீழ் ஐந்து கியர்களிலிருந்து மேல் ஐந்துக்கு மாற்றுவது) மேலே தூக்கிவிட்டு, கம்பியை வலக்கோடியிலிருந்து இடக்கோடிக்குக் கொண்டுவர வேண்டும். ரேஞ்ச் மாறுவது நியூட்ரலைக் கடக்கும்போதுதான் என்பதால், இங்கே நிதானம் தப்பினால் கியரும் தப்பும்.

மலை இறக்கத்தில் மட்டும் இரண்டு முறைகளுக்கும் ஒரே விதி: இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். வேகம் பிடித்த பிறகு குறைக்கப் போனால் எந்தக் கியரும் விழாமல் வண்டி நியூட்ரலில் உருளும். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும் எஞ்சின் பிரேக்கிங் மொத்தமும் போய்விடும்.

கியரைத் தானே மாற்றும் ஆட்டோமேட்டட் கியர்பாக்ஸ் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அந்த வண்டியில் ஓட்டுநர் தேர்வு கொடுத்தால் அமெரிக்க உரிமத்தில் 'ஈ' (E) என்ற கட்டுப்பாடு விழும், மேனுவல் டிரக்கை எடுக்க முடியாது. வேலை தேடும் இடத்தில் பழைய மேனுவல் டிரக்குகள் இருக்குமானால், மேனுவலிலேயே தேர்வு கொடுத்துவிடுவது நல்லது.