அம்மாவின் காலும் வீடியோ டாக்டரும்

மாமனாருக்கு ரத்தக்கொதிப்பு, இனி வீடியோவிலேயே டாக்டரைப் பார்க்கலாம் என்கிறார்கள், சரிவருமா என்று தோழி ஒருத்தி போன வாரம் கேட்டாள். என் அம்மாவுக்கு 2020-இலிருந்து பெரும்பாலும் அப்படித்தான். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை.

2020 ஏப்ரல், இங்கே சிங்கப்பூரில் 'சர்க்யூட் பிரேக்கர்' என்ற கொரோனா ஊரடங்கு தொடங்கிய சமயம். சர்க்கரையும் பிரஷரும் உள்ள 68 வயது அம்மாவை பஸ்ஸில் ஏற்றி, கிளினிக்கில் காத்திருக்க வைக்க எனக்குத் தைரியம் இல்லை. அந்த மாதம்தான் நீரிழிவு, ரத்தக்கொதிப்பு போன்ற நாட்பட்ட நோய்களுக்கு வீடியோவில் பார்த்தாலும் மெடிசேவ், அதாவது மருத்துவச் செலவுக்கென்று சேரும் கட்டாயச் சேமிப்புப் பணத்தை, பயன்படுத்தலாம் என்று வந்தது. மருந்து புளோக் ஏறி வீட்டு வாசலுக்கே வந்தது. அந்த உதவியை மறக்க மாட்டேன்.

சத்தம் விட்டுவிட்டுக் கேட்பது, முகம் இருட்டாகத் தெரிவதெல்லாம் சின்ன விஷயம். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் வெளிச்சம் சரியாகிவிடும். இன்றுவரை எனக்கு எரிச்சல் ஒன்றில்தான்: கேமரா முகத்தை மட்டும் பார்க்கிறது.

வீடியோ என்றால் அம்மா தலைவாரி, பொட்டு வைத்து, நல்ல புடவையில் உட்காருவார். டாக்டர் கேட்டதும் "நல்லா இருக்கேன் டாக்டர்". அதை நான் ஆங்கிலத்தில் சொல்வேன், பிரஷர் எண்களைப் படிப்பேன், ஏழெட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். 2021-இல் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். அடுத்த இரண்டு தடவையும் இதேதான்.

அப்புறம் ஒரு ராத்திரி அம்மாவின் காலுக்கு எண்ணெய் தடவினேன். கணுக்காலில் கட்டைவிரல் பட்ட இடம் குழி விழுந்து, விரலை எடுத்த பிறகும் அப்படியே நின்றது. "ரெண்டு மாசமா செருப்பு இறுக்குது, வயசாச்சுல்ல" என்றார். மறுநாளே நேரில் கூட்டிப்போனேன். அங்கிருந்த டாக்டர் குனிந்து முதலில் பார்த்ததே காலைத்தான். அம்லோடிபினுக்குக் கால் வீங்குவது தெரிந்த பக்கவிளைவாம். இதயம், சிறுநீரகம் இரண்டையும் சோதித்துவிட்டு மருந்தை மாற்றினார். சில வாரங்களில் வீக்கம் வடிந்தது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. காலைக் காட்டுங்கள் என்று திரையில் இருந்தவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமலே நானும் காட்டியிருக்கலாம், அதுவும் உண்மை.

இப்போது முதல்நாள் இரவே அம்மாவிடம் உட்கார்ந்து பேசி, என்ன தொந்தரவோ அதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிவைக்கிறேன். பிரஷரையும் டாக்டர் வருவதற்கு முன் அவசரமாக ஒரு தடவை எடுப்பதில்லை. ஒரு வாரம் காலையும் மாலையும், ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்கார வைத்து, கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வைத்து எடுக்கிறேன். பேச்சு முடிவதற்குள் போனைக் காலுக்குக் கொண்டுபோய், டாக்டர் பார்க்கக் கணுக்காலை அழுத்திக் காட்டுகிறேன். சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் ஒவ்வொன்றாகக் காட்டுகிறேன். இவ்வளவும் செய்தால் வீடியோவில் நல்ல வைத்தியம் கிடைக்கிறது, நான்கு ஆண்டாகப் பார்க்கிறேன்.

ஆனாலும் தோழியிடம் வேண்டாம், நேரிலேயே கூட்டிப்போ என்றுதான் சொன்னேன். அவள் மாமனார் என் அம்மாவைவிட வாய் திறக்காதவர். அம்மாவுக்கு அடுத்த மாதம் இருந்த வீடியோ அப்பாயின்ட்மென்டையும் நேற்று நேரில் பார்ப்பதாக மாற்றிவிட்டேன்.